பிரேக் இல்லாத இருக்கை

தெருவில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பத்தொன்பது வருடமாக வேலை. கூரையில் சிவப்புப் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது, அந்த இருக்கையின் காலடியில் அவளுக்கென்றே தனியாக ஒரு பிரேக். கற்றுக்கொள்ள வந்தவர் மிதிக்க மறந்தால் டீச்சர் மிதிப்பாள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மறக்கிறவர்கள்தான் என்பதால் அவளுடைய வலது கால் செருப்பு எப்போதும் இடது கால் செருப்புக்கு முன்னால் தேய்ந்துவிடும். ஒற்றைச் செருப்பு கிடைக்குமா என்று ஒருமுறை கடையில் கேட்டே விட்டாள். கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு காலும் இருக்கே உங்களுக்கு?" என்றார்.

பொறுமைக்கு அவளை விட்டால் ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஸ்டியரிங்கைத் தொட்டதும் கண்ணீர் விடுகிற பல் டாக்டர், எதிரே வண்டி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிற வங்கி மேனேஜர், ஐம்பத்தெட்டு வயதில் கற்றுக்கொள்ள வந்து கியரை உருவி எடுக்கப் பார்த்த இறைச்சிக் கடைக்காரர், எல்லோரையும் அவள்தான் கரையேற்றினாள். குரலை உயர்த்தியதே கிடையாது. "அவசரமே இல்ல. நான் இருக்கேன்ல" என்பாள். அதைக் கேட்டதும் அவர்களுக்கு மூச்சு சீராகும்.

இந்தப் பொறுமையெல்லாம் வீட்டு வாசலோடு சரி. கட்டின புருஷனிடம் அது பதினோரு நாள்தான் தாங்கியது.

புருஷன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். ஒன்றை மூன்று தடவை அளந்து பார்த்துவிட்டு நாலாவது தடவை சந்தேகப்படுகிற ஆள். அதிர்ந்து பேசத் தெரியாது. கோபம் வந்தால் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். கடையில் வேலை செய்யும் பையன்கள் அவர் துடைக்கிற வேகத்தைப் பார்த்துத்தான் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள். அவருக்கு அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியை நிறுத்திவிட்டார். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு பேச்சே எடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒரு கேக்கும் அதன் பக்கத்தில் புது லைசென்ஸும் இருந்தன. மனிதர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற போட்டிப் பள்ளியில் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். டீச்சருக்குப் பெருமையாகவும் இருந்தது, செருப்பால் அடித்த மாதிரியும் இருந்தது. கேக்கை மட்டும் ரெண்டு துண்டு சாப்பிட்டாள்.

அந்த உற்சாகத்தில் அவர் ஒரு பழைய நீல நிறக் கார் வாங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினார்கள். பெரிய ரவுண்டானாவில் குறுக்கே ஒரு வேன் வந்தது. அவர் பார்த்துவிட்டார், பார்த்து வேகத்தையும் குறைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் டீச்சர் "பிரேக், பிரேக், பிரேக்" என்று அலறி, கைப்பிரேக்கையும் பிடித்து இழுத்துவிட்டாள். வண்டி ரவுண்டானாவுக்கு நட்ட நடுவில் நின்றது. நாலாபக்கமும் ஹார்ன். அவர் இறங்கினார், சாவியை அவள் மடியில் வைத்தார், வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்.

அது நடந்து எட்டு மாதம். காருக்குச் சாம்பல் நிற உறை போட்டாகிவிட்டது. பேட்டரி செத்துவிடக்கூடாதே என்று வாரம் ஒருமுறை டீச்சர் அதைக் கிளப்பித் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துவாள். அவரோ கடைக்குப் போகும்போது எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தார், அந்த உறை கண்ணில் படக்கூடாது என்று. அவள் மாடி ஜன்னலிலிருந்து தினமும் அதைப் பார்த்தாள். தான்தான் இதைச் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்த போதெல்லாம், "ஆனா அந்த வேன் வந்துச்சுல்ல" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். அப்படி ஒரு வாய்.

இந்த நிலைமையில்தான் அவருடைய அக்கா ஒரு வாரம் தங்க வந்தாள். தபால் நிலையக் கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எதிரே கண்ணாடித் தடுப்பு இருக்கிற நினைப்பிலேயே இன்னமும் உரக்கப் பேசுவாள். வந்த அன்றைக்கே வடக்குக் கடற்கரைச் சாலையைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் எடுத்தாள். ஓட்டைப் பாறை, அலை அடித்தால் பீய்ச்சுகிற ஊதுகுழி, கலங்கரை விளக்கம், கடைசியாகச் சூரியன் மறைகிற முனை. அதைத்தான் அடியில் ரெண்டு கோடு போட்டு வைத்திருந்தாள்.

"நான் ஓட்டறேன் அண்ணி," என்றாள் டீச்சர்.

"நான் ஓட்டறேன்," என்றார் அவர்.

டீச்சரின் பதினாறு வயது மகள் தட்டிலிருந்து தலை தூக்கிப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், மெதுவாக.

"ஒரு நாள் ஓட்டறேன். காலையிலேருந்து வீடு திரும்பற வரைக்கும் வண்டியைப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினா அந்த இடத்துலயே சாவியைக் கொடுத்துடுவேன். அப்புறம் என் ஆயுசுக்கும் அதைத் தொட மாட்டேன். வித்துடலாம்."

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. டீச்சர் சரி என்று தலையாட்டினாள். பேசாத விரதத்தை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டவள் போல வாயைக் கூடத் திறக்கவில்லை.

மறுநாள் காலை கிளம்பினார்கள். டிக்கி முழுவதும் நாத்தனாரின் சாமான்: மடக்கு நாற்காலி, ரெண்டு கம்பளி, குடை, ஒரு மாற்றுக் குடை. அதனால் சாப்பாட்டுப் பையை டீச்சரின் காலடியில் வைத்தார்கள். நாத்தனார் பின்னிருக்கையில் நடுவராக உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் மகள்.

ஊருக்குள் அவர் ஓட்டியது சுமாருக்கும் மேல். டீச்சரின் கண் மட்டும் தன் வேலையை விடவில்லை. சைக்கிள்காரர், திறக்கப் போகிற கார்க் கதவு, பந்தைத் துரத்தி வரப்போகிற நாய், எல்லாவற்றையும் அவருக்கு அரை நொடி முன்னால் அவள் பார்த்தாள். பார்த்து, முழுங்கினாள். கடற்கரைச் சாலை தொடங்கியதும் ஒரு பக்கம் மலை, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் கடல். வளைவுக்கு வளைவு. நாத்தனார், "என் தம்பி ஓட்டுனா தொட்டில்ல போற மாதிரில்ல இருக்கு" என்று ஊருக்கே அறிவித்தாள். டீச்சர் கடலைப் பார்ப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு ஓரக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்து வைத்திருந்ததால் மகள் கேட்டதற்கெல்லாம் உம், உம் என்றே பதில்.

ஓட்டைப் பாறையில் இறங்கி எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். கடலுக்குள் நிற்கிற பெரிய பாறையில் ஒரு படகு நுழைகிற அளவுக்கு ஓட்டை. படகும் நுழைந்தது. நாத்தனார் மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு, "பையைத் திற, பசிக்குது" என்றாள்.

மகள் பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு ரொட்டியை எடுத்தாள். முழுசாக வாங்கின ரொட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குத் தட்டையாக வந்தது. அதன் நடுவில் செருப்பின் அச்சு, வரி வரியாக. அவித்த முட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆரஞ்சுப் பழங்கள் பாதி ஜூஸாகி இருந்தன.

அவர் ரொட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடையில் லென்ஸைப் பார்ப்பது போல வெளிச்சத்துக்குக் காட்டியும் பார்த்தார்.

"எத்தனை வளைவு வந்துச்சு?" என்று மகளிடம் கேட்டார்.

"நான் ஒரு வார்த்தை பேசல," என்றாள் டீச்சர். முகத்தில் ஈயாடவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு எடுத்த வண்டி ஒரு ரொட்டியால் நின்றுவிடப் போகிறதே என்று பையின் வாயை அவசரமாக இழுத்து மூடினாள்.

நாத்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "வாயால பேசக்கூடாதுன்னுதான் பேச்சு. காலைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. செல்லாது."

முதலில் சிரித்தது அவர்தான். தோள் குலுங்க, சத்தமில்லாமல். பிறகு தட்டை ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். செருப்பு அச்சு இருந்த துண்டை மட்டும் கடற்காக்கைகளுக்குப் போட்டார்கள். அவையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சாப்பிட்டன.

ஊதுகுழியில் அலை வந்து மோதி ஆள் உயரத்துக்கு மேலே பீய்ச்சியது. நாத்தனார், 'கிட்டே போகாதே' என்று எழுதிப் போட்டிருந்த இடத்தையும் ஒரு அடி தாண்டிப் போய், தலை முதல் கால் வரை நனைந்து, "ஜில்லுனு இருக்கு" என்று திரும்பி வந்தாள். எதற்கு ரெண்டு கம்பளி என்று காலையில் கேட்டவர்களைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். டீச்சரும் அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில்தான் அது நடந்தது. அங்கே மலை ஓரத்தை வெட்டிப் போட்ட குறுகல் பாதை, ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே கொஞ்சம் அகலமாக விட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தைத் தாண்டி இவர்கள் நூற்றைம்பது அடி போயிருப்பார்கள், வளைவில் ஒரு சுற்றுலா பஸ் வந்து நின்றது. அதற்குப் பின்னால் வரிசையாக ரெண்டு வேன். பஸ் பின்னால் போக வழியே இல்லை. போக வேண்டியது இவர்கள்தான். பின்பக்கமாக, கடல் ஓரமாக. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்கட்டு, அதற்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். முப்பது வயசிருக்கும். குனிந்து பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"டீச்சர், நீங்களா? என்னைத் தெரியலையா? ஏழு தடவை அதே குப்பைத் தொட்டியில இடிச்சேனே."

டீச்சருக்குத் தெரிந்தது. அந்தக் குப்பைத் தொட்டியை மறக்க முடியுமா.

"அப்ப ஒரு கவலையும் இல்ல," என்று டிரைவர் இவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இறங்கிக்குங்க. டீச்சர் கண்ணை மூடிக்கிட்டே ரிவர்ஸ் எடுத்துடுவாங்க. உங்களுக்கு எதுக்கு சிரமம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். பஸ்ஸின் ஜன்னல்களில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ரெண்டு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. கை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கிச் சாவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் சும்மா இருந்தாலே போதும், சாவி அவள் மடிக்கு வந்துவிடும். நூற்றைம்பது அடி என்பது அவளுக்கு மூக்குச் சிந்துகிற நேரம். உயிருக்கும் பயமில்லை. ஆனால் இந்த மனிதர் நாளைக் காலையிலிருந்து மறுபடியும் எதிர்ச் சாரியில் நடப்பார்.

"நான் இன்னைக்குச் சுத்திப் பாக்க வந்தவ தம்பி," என்றாள். "வண்டி அவரோடது. அவர் எடுப்பார்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வண்டியைப் பற்றிப் பேசிவிட்டோமோ என்ற பயம். பின்னாலிருந்து நடுவர், "இது கணக்குல வராது" என்றாள். கையோடு கதவையும் திறந்தாள். தொட்டிலில் போகிற மாதிரி இருந்த வண்டி திடீரென்று அவளுக்குப் புழுக்கமாகிவிட்டது. "நானும் பொண்ணும் காத்தாட நடந்து வர்றோம். நீயும் இறங்கேன்மா, எதுக்கு உள்ளே உட்கார்ந்துக்கிட்டு?"

"நான் இருக்கேன் அண்ணி," என்றாள் டீச்சர்.

அவர் திரும்பி அவளை ஒரு தரம் பார்த்தார். சாவியிலிருந்து கையை எடுத்தார். ரிவர்ஸ் கியர் விழுந்தது.

முதல் இருபது அடி சரியாகப் போனது. அதற்கப்புறம் வண்டியின் பின்பக்கம் கடல் பக்கமாக நகர ஆரம்பித்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியில் கல்கட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜன்னலுக்குக் கீழே பார்த்தால் அலை, நுரை, நனைந்த பாறை. நிறுத்துங்க என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. கால் முழு பலத்தோடு அழுத்தியது. தரை வெறும் தரையாகவே இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இறைச்சிக் கடைக்காரரிடமும் பல் டாக்டரிடமும் தான் காட்டியது பொறுமையே இல்லை. காலுக்கடியில் பிரேக் இருந்தது, அவ்வளவுதான். அது இருந்தால் யார் வேண்டுமானாலும் பூ மாதிரிப் பேசலாம். அது இல்லாத ஒரே இருக்கையில் தான் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பதை இந்த ஒரு மனிதர்தான் பார்த்திருக்கிறார். அந்தப் பயத்தைத்தான் அவர் ஓட்டத் தெரியாதவர் என்று அவர் தலையிலேயே கட்டியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

வண்டி நின்றது. அவரே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, பக்கக் கண்ணாடியில் கல்கட்டைப் பார்த்தார். இந்தக் கண்ணால் ஒரு தடவை, அந்தக் கண்ணால் ஒரு தடவை. பிறகு அரை வண்டி நீளம் முன்னால் போய், நேராக்கிக்கொண்டு, மறுபடியும் பின்னால். பத்து அடி போவார், நிறுத்துவார், அளப்பார். போட்டிப் பள்ளிக்காரன் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, டீச்சர் சொல்லிக்கொடுத்ததும் இல்லை, லென்ஸ் தேய்க்கிறவரின் சொந்த முறை. டீச்சரின் கணக்கில் அந்த வேலைக்கு ஒன்றரை நிமிடம். இவர் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒதுங்குமிடத்தில் போய் நின்றபோது மலைப் பக்கம் ஒரு சாண், கடல் பக்கம் பஸ் தாராளமாகப் போகிற இடம்.

பஸ் போகும்போது டிரைவர் கையைத் தூக்கினார். "இவ்வளவு சுத்தமா நான்கூட எடுக்க மாட்டேன் சார்," என்றார். ஜன்னல் தலைகளில் ஒன்றிரண்டு கை தட்டின. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னவென்று தெரியாமலேயே சேர்ந்து தட்டினார்.

எல்லாம் போனதும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பயந்துட்டியா?"

"உயிரே போயிடுச்சு."

"சொல்லவே இல்லையே."

"சொல்லக்கூடாதுன்னீங்களே." ஓரக் கல்கட்டைப் பார்த்தபடியே, "அங்க எனக்குப் பிரேக் இருக்குங்க. இங்க இல்ல. அதுக்குத்தான் அன்னைக்கு அப்படிக் கத்தினேன். உங்க மேல தப்பில்ல. எனக்குப் பயம்" என்றாள். இந்தத் தடவை வேன் பேச்சுக்கு வரவில்லை.

அவர் அவள் கையை எடுத்து ஒரு தரம் அழுத்திவிட்டு விட்டார். அதற்குள் நாத்தனார் மூச்சு வாங்க நடந்து வந்து சேர்ந்து, "நான் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன், இவதான் நடக்கலாம்னா" என்று பழியை மகள் மேல் போட்டுக்கொண்டே ஏறினாள்.

கலங்கரை விளக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு படி. நாத்தனார் நாற்பதிலேயே மடக்கு நாற்காலியைப் பிரித்துவிட்டாள். மேலே காற்று ஆளைத் தூக்கியது. மகள் தூரத்தில் தெரிந்த கப்பல்களை எண்ணினாள். டீச்சர் முதல்முறையாகக் கடலைக் கடலாகவே பார்த்தாள். அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்று வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கீழே வந்து தேநீர் குடித்துவிட்டு, நாத்தனாரின் ரெண்டு கோடு போட்ட முனைக்குக் கிளம்பினார்கள். வெயில் சாய்ந்திருந்தது. இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மூன்றாவது வளைவு வந்ததா என்பது டீச்சருக்குத் தெரியாது.

கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. முன்னால் சொந்தத் தெரு, சொந்த வாசல், எரிகிற தெருவிளக்கு. நாத்தனாரின் கம்பளி ஒன்று கழுத்து வரை போர்த்தியிருந்தது. பின்னால் நாத்தனார் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், கிசுகிசுத்த குரலில். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"முழிச்சிட்டியா, நல்லதாப் போச்சு," என்று பழைய குரலுக்கு வந்தாள். "சூரியன் மறையறதைப் பாக்கத்தான் நான் வந்ததே. முனைகிட்ட நிறுத்துடான்னேன். அவ தூங்கறாக்கான்னான். ஒரு டீ குடிக்கலாம்டான்னேன். அவ தூங்கறாக்கான்னான். எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்டான்னேன், அதுக்கும் அதே பதில். ரெண்டு மணி நேரமா நானும் இந்தப் பொண்ணும் வாயில கையை வெச்சு உட்கார்ந்திருக்கோம். நீ குறட்டை விடற." கதவு திறந்தது. மிச்சத்தைப் பிறகு சொல்வதாகக் கையைக் காட்டிவிட்டு வாசலுக்கு ஓடினாள். மகளும் வீட்டுச் சாவியோடு பின்னால் ஓடினாள்.

அவர் மட்டும் இறங்கவில்லை. கை ஸ்டியரிங் மேலேயே இருந்தது.

"என்னங்க இது, எழுப்பக் கூடாதா? பாவம் அண்ணி."

"உனக்கும் எனக்கும் கல்யாணம் ஆகி இருபது வருஷம்," என்றார் அவர். "பஸ்ல போனோம், ரயில்ல போனோம், உங்க அண்ணன் கார்ல ராத்திரி பூரா போனோம். ஓடற வண்டியில நீ கண்ணை மூடி நான் ஒரு நாள் பார்த்ததில்ல." ஸ்டியரிங்கை ஒரு தரம் தடவினார். "லைசென்ஸ் வந்த அன்னைக்குக்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷமா இல்ல."

டீச்சர் கம்பளியின் ஓரத்தை விரலில் சுற்றினாள். அவர் தெருமுனையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னும் தூக்கம் வருதா? வந்தா சொல்லு, இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்."

அவளுக்குத் தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது.

"வருது," என்று கம்பளியை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.